விமானம் இருக்கிறது, இறக்க இடமில்லை: படை விமானப் போக்குவரத்தை உகப்பாக்கக் கணக்கால் திட்டமிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நேரியல் திட்டமிடல் படித்திருக்கிறீர்கள். பைத்தானில் நாலு வரி எழுதவும் வரும். ஒரு சரக்குப் பட்டியலையும் விமானங்களின் எண்ணிக்கையையும் கையில் கொடுத்து, "எதை, எதில், எப்போது அனுப்பலாம்?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் நிற்பவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்த வேலையில் கணிதம் சின்னப் பங்கு. நேரத்தைத் தின்பது தரவு. விடையைக் கெடுப்பது தரை, அதாவது இறங்கும் தளத்தில் நிற்க இடம், இறக்க ஆள், ஊற்ற எரிபொருள். புதியவர்கள் எழுதும் கணித மாதிரிகளில் விமானத்துக்கு முப்பது வரி இருக்கும், தளத்துக்கு ஒரு வரி இருக்கும். அந்த விகிதத்தைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

1. கேள்வியை எழுத்தில் வாங்குங்கள்

ஒரே மாதிரி தோன்றும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இருக்கும் விமானங்களை வைத்து எல்லாம் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும்? குறித்த கெடுவுக்குள் சேர்க்க எத்தனை விமானம் வேண்டும்? நாளைக் காலை எந்த வால் எண் (ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள தனி எண்) விமானம் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? முதல் இரண்டும் திட்டக் கணக்கு. விமானத்தை வகையாகப் பார்த்தால் போதும், காலத்தை 3 அல்லது 6 மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் போதும். மூன்றாவது அட்டவணைக் கணக்கு. அதில் நிமிடம் முக்கியம், ஒவ்வொரு விமானத்தின் பராமரிப்பு நாளும் முக்கியம். மூன்றையும் ஒரே மாதிரியில் திணித்தால் எதற்கும் உருப்படியான விடை வராது. எந்தக் கேள்வி, யார் முன்னுரிமை வைப்பார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் போகும். அதற்குத் தகுந்தபடி நாள் ஒதுக்குங்கள்.

சரக்குப் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் புறப்படும் தளம், சேரும் தளம், எடை, சரக்கு வகை, ஆட்கள் எண்ணிக்கை, ஏற்றத் தயாராகும் நாள், சேரும் தளம் ஏற்றுக்கொள்ளும் மிக முந்தைய நாள், சேர வேண்டிய கடைசி நாள், முன்னுரிமை ஆகியவை இருக்க வேண்டும். "மிக முந்தைய நாள்" பத்தியைப் பலர் காலியாக விடுவார்கள். அது இல்லையென்றால் மாதிரி எல்லாவற்றையும் முன்கூட்டியே கொண்டுபோய்க் குவித்துவிடும். கூடாரம் போடுவதற்கு முன்பே ஆட்கள் இறங்கி நிற்பார்கள்.

சரக்கு வகை மூன்று. 463எல் பேலட்டில் (விமானச் சரக்கைக் கட்டி ஏற்றும் தட்டையான தட்டு) அடங்குவது ஒன்று. பேலட்டில் அடங்காமல், ஆனால் நடுத்தர விமானத்திலும் நுழையும் வண்டிகள் இன்னொன்று. சி-17, சி-5 போன்ற பெரிய சரக்கு விமானங்களில் மட்டுமே நுழையும் டாங்கி, பெரிய ஹெலிகாப்டர் போன்றவை மூன்றாவது. எடையை மட்டும் வாங்கி வகையை வாங்காவிட்டால் சால்வர் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) டாங்கியைத் துண்டு துண்டாக நடுத்தர விமானமான சி-130-இல் ஏற்றிவிடும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் விடையைப் பார்த்தால் சட்டென்று தெரியாது.

எடை விஷயத்தில் ஒரு பொறி உண்டு. படைப்பிரிவுகள் கொடுப்பது பெரும்பாலும் வண்டியின் வெறும் எடை. வண்டி வந்து நிற்கும்போது அதற்குள் தண்ணீர், வெடிபொருள், உதிரிபாகம் எல்லாம் ஏற்றியிருக்கும். ஏற்றிய எடையா, வெற்று எடையா என்று வரிவரியாகக் கேளுங்கள்.

விமானக் காரணிகள். விளம்பரத் தாளில் உள்ள அதிகபட்சச் சுமையைத் திட்டத்துக்கு எடுக்காதீர்கள். சி-17-இன் அதிகபட்சச் சுமை 77,519 கிலோ. அமெரிக்க விமானப்படை வெளிப்படையாக வெளியிட்டுள்ள திட்டக் காரணிகளில் அதே விமானத்துக்குப் போடுவது 45 குறுந்டன், அதாவது சுமார் 41 மெட்ரிக் டன். காரணம் எளிது: எடை முட்டுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். சி-17-இல் 18 பேலட் இடங்கள். ஒரு 463எல் பேலட் 108க்கு 88 அங்குலம், அதில் சரக்கு வைக்கக் கிடைப்பது 104க்கு 84, தாங்கும் எடை 10,000 பவுண்டு (4,536 கிலோ). 18 பேலட்டும் முழு எடையில் இருந்தால் 81 டன்னைத் தாண்டி விமானத்தின் வரம்பே மீறிவிடும். பேலட்டுக்கு 2 டன் என்றால் 36 டன்னிலேயே பேலட் இடங்கள் நிறைந்துவிடும். ஆகவே எடைக்கு ஒரு கட்டுப்பாடு, பேலட் இடத்துக்கு ஒரு கட்டுப்பாடு, ஆட்களுக்கு ஒன்று என மூன்றும் வேண்டும்.

தூரம் கூடினால் சுமை குறையும் என்பதையும் அட்டவணையாக வாங்குங்கள். ஏறக்குறைய முழுச் சுமையோடு சி-17 வானில் எரிபொருள் நிரப்பாமல் போவது சுமார் 2,400 கடல் மைல். சேரும் தளத்தில் எரிபொருள் இல்லையென்றால் திரும்பி வருவதற்கும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பாதைக்கும் தனிச் சுமை எண் வரும். பாதை வாரியாக முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள், சால்வருக்குள் கணக்கிட விடாதீர்கள்.

தளக் குறிப்பு. மொத்த மாதிரியின் உயிர்நாடி இந்த ஆவணம். "ஒரே நேரத்தில் எத்தனை விமானம் நிற்கலாம்?" என்று கேட்டால் நிறுத்துமிட எண்ணிக்கையைச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது "ஒரே நேரத்தில் எத்தனை விமானத்துக்கு வேலை நடக்கும்?" என்று. ஆறு விமானம் நிறுத்த இடம் இருக்கலாம். பேலட் இறக்கும் லோடர் ஒன்றுதான், எரிபொருள் லாரி ஒன்றுதான், இரவு ஷிஃப்ட்டுக்கு ஆளில்லை என்றால் வேலை நடக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். இந்த இரண்டு எண்களையும் தனித்தனிப் பத்தியில் வாங்குங்கள். கூடவே ஓடுபாதை நீளம், அகலம், விளக்கு உண்டா, இயங்கும் நேரம், தினசரி எரிபொருள் வரத்து, வெடிபொருள் விமானத்துக்கான தனி இடம் ஆகியவற்றையும் கேளுங்கள். வெடிபொருள் எடைக்கேற்ப மற்ற விமானங்களிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும் என்பதால், ஆறு இடம் உள்ள தளத்திலும் அதற்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கக்கூடும்.

ஓடுபாதையின் தாங்குதிறனில் இன்னொரு பொறி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ 2024 நவம்பரில் பழைய ஏசிஎன்–பிசிஎன் முறையை (விமானத்தின் சுமை எண்ணை ஓடுபாதையின் தாங்கு எண்ணோடு ஒப்பிடுவது) விட்டு ஏசிஆர்–பிசிஆர் முறைக்கு மாறியது. புதிய எண்கள் பழையவற்றைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. பழைய கோப்பில் உள்ள தளத்தின் பிசிஎன்னைப் புதிய விமான ஏசிஆரோடு ஒப்பிட்டால் எந்த விமானமும் எங்கும் இறங்க முடியாது என்று வரும். தலைகீழாக ஒப்பிட்டால் எல்லாம் எங்கும் இறங்கலாம் என்று வரும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அனுமதிகள். மற்ற நாட்டு வான்வெளியில் படை விமானம் பறக்கத் தூதரக அனுமதி வேண்டும். நாட்டுக்கு நாடு முன்னறிவிப்புக் காலம் வேறு. அபாயச் சரக்கு இருந்தால் மேலும் நீளும். மாதிரியில் இதற்குத் தனிக் கணிதம் வேண்டாம்: அனுமதி வரும் தேதிக்கு முன்னுள்ள காலத் துண்டுகளில் அந்தப் பாதையின் மாறியையே உருவாக்காதீர்கள்.

விமானிக் குழு விதிகள். உங்கள் படையின் விதிப்புத்தகத்தையே எடுங்கள். அளவு புரிவதற்காக: அமெரிக்க விமானப்படையில் சி-17-க்கு அடிப்படைக் குழுவின் பணி நேரம் 16 மணி, கூடுதல் விமானிகள் சேர்ந்த குழுவுக்கு 24 மணி. பறக்கும் நேரம் 7 நாளில் 56 மணி, 30 நாளில் 125 மணி, 90 நாளில் 330 மணி. ஒரு மாதத் திட்டத்தில் முட்டுவது பெரும்பாலும் 125 மணி வரம்புதான்.

3. அலகுகளை ஒன்றாக்குங்கள்

அரை நாள் வேலை, அதைத் தவிர்த்தால் பல நாள் வீண். குறுந்டன் 907 கிலோ, மெட்ரிக் டன் 1,000 கிலோ. கலந்துவிட்டால் பத்து சதவீதம் தப்பு. கடல் மைல் 1,852 மீட்டர், சாதாரண மைல் 1,609 மீட்டர். நேரம் எல்லாம் யுடிசியில் (உலகப் பொது நேரம்). தளம் இயங்கும் நேரம் உள்ளூர் நேரத்தில்தான் வந்திருக்கும், அதையும் மாற்றுங்கள். "நாள் 5" என்று எழுதியிருந்தால் முதல் நாள் 0-வா 1-ஆ என்று கேளுங்கள்.

4. சால்வரைத் தொடுமுன் பென்சில் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் சால்வர் சொல்வது சரியா என்று பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்.

எடுத்துக்காட்டாக 1,200 டன் சரக்கு, ஒரு வழித் தூரம் 2,000 கடல் மைல், நடைக்கு (ஒரு முறை சரக்கேற்றிப் போவதற்கு) 40 டன், சராசரி வேகம் மணிக்கு 400 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். போக 5 மணி, வர 5 மணி, ஏற்ற 2 மணி 15 நிமிடம், இறக்க 2 மணி 15 நிமிடம். ஒரு சுற்று 14.5 மணி. மொத்தம் 30 நடை. 6 விமானம் இருந்தால் நாளுக்கு 9.9 நடை, சுமார் 397 டன். மூன்று நாளில் முடியும் என்று தோன்றும்.

இப்போது தரைப் பக்கம் வாருங்கள். சேரும் தளத்தில் ஒரே நேரத்தில் ஒரு விமானத்துக்குத்தான் வேலை நடக்கும், விளக்கு இல்லாததால் 12 மணி நேரம்தான் இயங்கும். தளத்தின் நாள் திறன் இப்படி வரும்: வேலை நடக்கும் எண்ணிக்கை × இயங்கும் நேரம் ÷ தரை நேரம் (ஒரு விமானத்தை இறக்க ஆகும் நேரம்) × 0.85. அந்த 0.85, விமானங்கள் சீராக வந்து சேராமல் காத்திருப்பதால் வீணாகும் நேரத்துக்கு. 12 ÷ 2.25 × 0.85 = 4.53 விமானம், 181 டன். 1,200 டன் இறங்க 6.6 நாள்.

ஆறு விமானத்தில் மூன்று சும்மா நிற்கப் போகிறது. மூன்றை மட்டும் ஓட்டினாலே நாளுக்கு ஏறத்தாழ 5 நடை வரும், தளத்தால் அதையே வாங்க முடியாது. விமானத்தைக் கூட்டாமல், இறக்கும் தளத்துக்கு இன்னொரு லோடரும் ஆட்களும் முதல் நடையிலேயே அனுப்பினால் திறன் நாளுக்கு 363 டன் ஆகும், வேலை 3.3 நாளில் முடியும். சில சமயம் இந்த விடையே போதும், மாதிரி எழுதவே வேண்டியதில்லை. கேட்டவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

பென்சில் கணக்குக்குத் தெரியாதது: 14.5 மணிச் சுற்று தளம் இயங்கும் 12 மணி நேரத்தோடு ஒத்துப்போகாது. இரவில் வந்து சேர வேண்டிய விமானம் புறப்படும் தளத்திலேயே காத்திருக்க வேண்டும். இப்படிப் பல தளம், பல பாதை, பல கெடு சேரும்போதுதான் மாதிரி தேவைப்படுகிறது.

5. மாதிரியை எழுதுங்கள்

காலத்தோடு விரித்த வலைப்பின்னலாகப் போடுங்கள்: ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு காலத் துண்டில் ஒரு கணு. மாறிகள் இரண்டு குடும்பம். எந்த வகை விமானம், எந்தப் பாதையில், எந்தத் துண்டில் எத்தனை நடை கிளம்புகிறது என்பது ஒன்று, இது முழு எண். அந்த நடைகளில் எந்தச் சரக்கு வரி எத்தனை டன் போகிறது என்பது மற்றொன்று, இது பின்னமாக இருக்கலாம்.

வால் எண்ணை மாறியில் சேர்க்காதீர்கள். ஒரே வகையில் பத்து விமானம் இருந்தால் பெயரை மாற்றி மாற்றி அதே திட்டத்தை எண்ணற்ற விதமாக எழுதலாம், சால்வர் அவற்றையெல்லாம் தனித்தனித் திட்டங்களாக நினைத்துத் தேடிக்கொண்டிருக்கும். எண்ணிக்கையாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கட்டுப்பாடுகள்: ஒவ்வொரு சரக்கு வரியும் ஏற்றியதும் ஏற்றாததும் சேர்ந்து மொத்தத்துக்குச் சமம். நடைகளின் எடை, பேலட் இட, ஆள் வரம்பு. ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு துண்டிலும் வந்த விமானம், நின்ற விமானம், கிளம்பிய விமானம் ஆகியவற்றின் சமநிலை. தள வேலைத் திறன். தள எரிபொருள். வகைவாரியாக மொத்தப் பறக்கும் மணி. குழுக்களின் இருப்பு.

அளவைப் பாருங்கள். 400 சரக்கு வரி, 5 பாதை, 3 விமான வகை, 30 நாளுக்கு 6 மணித் துண்டுகளாக 120: எல்லாவற்றையும் பெருக்கினால் 7,20,000 சரக்கு மாறிகள். ஆனால் ஒரு வரி கிளம்பக்கூடிய காலம் 5 நாள்தான் என்றால் 20 துண்டு போதும், 1,20,000 ஆகிவிடும். நுழையாத விமான வகையையும் பொருந்தாத பாதையையும் கழித்தால் இன்னும் இறங்கும். பூஜ்யம் என்று கட்டுப்பாடு போடுவதைவிட மாறியை உருவாக்காமல் விடுவது நல்லது.

முழுமையாக்கலில் இரண்டு இடத்தில் கவிழ்வார்கள். முதலாவது பறக்கும் நேரம். மேலே பார்த்த கணக்கில் ஏற்றிப் போய்ச்சேர 7.25 மணி, இறக்கித் திரும்பி வர 7.25 மணி. 6 மணித் துண்டில் இரண்டையும் மேலே தள்ளினால் 12 + 12 = 24. நாளுக்கு 1.65 நடை போக வேண்டிய விமானம் ஒரே நடை போகும். கீழே தள்ளினால் சுற்று 12 மணியாகிப் பொய்யான வேகம் வரும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக முழுமையாக்காமல், தொடக்கத்திலிருந்து கூடி வந்த மொத்த நேரத்தை முழுமையாக்குங்கள். 3 மணித் துண்டு வைத்தால் 14.5 என்பது 15 ஆகும், பிழை தாங்கக்கூடியது.

இரண்டாவது தளத் திறன். நாள் முழுதும் இயங்கும் தளத்தில் 6 மணித் துண்டுக்கு 6 ÷ 2.25 × 0.85 = 2.27 விமானம். நடை முழு எண் என்பதால் துண்டுக்கு 2 தான் நுழையும், நாளுக்கு 9 வர வேண்டிய இடத்தில் 8 வரும். யாரும் கேட்காமலே பன்னிரண்டு சதவீதத் திறன் மாயமாகிவிடும். துண்டுக்கு 3 என்று தளர்த்திவிட்டு, அடுத்தடுத்த எந்த 24 மணி நேரத்துக்கும் 9 என்று இன்னொரு கட்டுப்பாடு போடுங்கள்.

குழு விதியை இந்த மட்டத்தில் ஆள் ஆளாக எழுத வேண்டாம். எந்தப் பாதையை ஒரே குழு முடிக்கும், எதற்கு நடுவில் குழு மாற வேண்டும் என்று முன்கூட்டியே குறியுங்கள். நம் எடுத்துக்காட்டில் கிளம்புவதற்கு 2.5 மணி முன் குழு வருகிறது என்றால் 2.5 + 5 + 2.25 + 5 = 14.75 மணி. 16-க்குள் அடங்கும், மீதம் ஒன்றேகால் மணி. சேரும் தளத்தில் லோடருக்காக இரண்டு மணி காத்திருந்தால் அந்தக் குழு திரும்ப முடியாது. விமானம் ஓய்வு நேரம் முழுதும் அங்கேயே நிற்கும், ஒரே ஒரு வேலை இடத்தையும் அடைத்துக்கொண்டு. இதனால்தான் இறுக்கமான பாதைகளுக்கு மாற்றுக் குழுவைத் தளத்தில் வைக்கச் சொல்கிறார்கள்.

6. இலக்குச் சார்பில் என்ன போடுவது

மூன்று உறுப்பு: ஏற்றாத சரக்குக்குப் பெரிய தண்டம், தாமதமான டன்-நாளுக்கு முன்னுரிமைப்படி தண்டம், பறக்கும் மணிக்குச் சின்னச் செலவு. மூன்றாவது இல்லாவிட்டால் சால்வர் வெறும் விமானத்தை இங்கும் அங்கும் பறக்கவிடும், அதற்கு அது இலவசம்.

டன்னில் மட்டும் அளந்தால் மாதிரி கனமான சாதாரணச் சரக்கையே விரும்பும். 2 டன் தகவல்தொடர்பு வண்டி கிடப்பில் கிடக்கும், 200 டன் தண்ணீர் போய்விடும். படைப்பிரிவு முழுதாகச் சேர்ந்தால்தான் பயன் என்றால், "இந்தப் பிரிவு நிறைவடைந்ததா" என்ற 0-1 மாறியை வைத்துத் தண்டத்தை அதில் மாட்டுங்கள்.

தண்டத்தை நூறு கோடி என்று எழுதாதீர்கள். அதே கண்டிப்பு பெரிய மாறிலி வைத்து எழுதும் "திறந்தால் மட்டும் அனுப்பு" வகைக் கட்டுப்பாட்டுக்கும் உண்டு. மாறிலி 10,00,000, சால்வரின் சகிப்பு 0.000001 என்றால் மூடியிருக்கும் பாதையில் ஒரு டன் கசிந்து போகும், சால்வர் அதைச் சரி என்றே சொல்லும். அந்தப் பாதையில் உண்மையில் போகக்கூடிய அதிகபட்ச டன் எவ்வளவோ அதையே மாறிலியாக வையுங்கள். தண்டங்களின் இடைவெளி பெரிதாகிறது என்றால் படிப்படியாகத் தீருங்கள்: முதலில் ஏற்றாததைக் குறைத்து, அந்த எண்ணை நிலைநிறுத்தி, பிறகு தாமதம்.

7. சால்வர், உரிமம், செலவு

கற்கவும் நடுத்தர அளவுக்கும் ஹைஸ், சிபிசி, எஸ்சிஐபி ஆகியவை திறந்த மூல மென்பொருள்கள், உரிமக் கட்டணம் கிடையாது. மாதிரி எழுதப் பையோமோ அல்லது பல்ப் போதும், இவையும் இலவசம். பெரிய முழு எண் கணக்குகளுக்குக் குரோபி, சிப்ளெக்ஸ் போன்ற வணிகச் சால்வர்கள் கணிசமாக வேகமானவை. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கல்வி உரிமம் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதைப் படையின் திட்ட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. மாதிரியைச் சால்வர் மாற்றக்கூடிய விதத்தில் எழுதி, திறந்த மூலத்தில் தொடங்கி, நேரம் போதாதபோது மட்டும் விலைப்புள்ளி கேளுங்கள்.

உரிமம் வாங்குமுன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: இணையம் இல்லாத கணினியில் இயங்குமா? சில உரிமங்கள் இணையச் சேவையகத்தோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தனிமைப்படுத்திய வலையமைப்பில் அவை திறக்காது. அங்கே மென்பொருள் நிறுவ ஒப்புதல் வாங்கவே வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே விண்ணப்பத்தைத் தரவு திரட்டும்போதே போட்டுவிடுங்கள்.

தனித்தனி வரியாகச் சாதாரணமாக இருக்கும் சரக்குப் பட்டியல், தேதியும் தளமும் சேர்ந்த முழு அட்டவணையாகும்போது இரகசியமாகிவிடும். மேகக் கணினிச் சால்வரில் ஏற்றிப் பார்ப்பது, உதவி கேட்டு மாதிரிக் கோப்பை வெளியே அனுப்புவது, இரண்டும் கூடாது. பழகுவதற்குப் பொய்யான தளம், பொய்யான எடை வைத்த தரவை நீங்களே உருவாக்குங்கள்.

8. ஓட்டும் முறை

பத்து வரிச் சரக்கோடு தொடங்குங்கள். நாலாம் படியின் பென்சில் விடையோடு ஒத்துவருகிறதா பாருங்கள். பிறகு முழு எண் நிபந்தனையை நீக்கி முழுத் தரவையும் ஓட்டுங்கள். அது சொல்லும் நாள் கணக்கே மோசமாக இருந்தால் முழு எண் சேர்த்த பிறகு நிச்சயம் மேம்படாது. கடைசியில்தான் முழு எண்.

இடைவெளி வரம்பை (கிடைத்த விடைக்கும் எட்டக்கூடிய மிகச் சிறந்த விடைக்கும் அனுமதிக்கும் வித்தியாசம்) 1 சதவீதம் வைத்து, நேர வரம்பும் வையுங்கள். எடைகளிலேயே பத்து சதவீதத் தவறு இருக்கும்போது 0.01 சதவீதத்துக்காக இரவெல்லாம் ஓட்டுவதில் பொருள் இல்லை.

"தீர்வு இல்லை" என்ற விடை யாருக்கும் உதவாது. ஆகவே தளத் திறன், எரிபொருள், கெடு எல்லாவற்றுக்கும் மீறல் மாறி வைத்துத் தண்டம் போடுங்கள். எந்தத் தளத்தில் எந்த நாள் எவ்வளவு மீறுகிறது என்று விடையே சொல்லும், தரவுப் பிழையும் அங்கேதான் தலைகாட்டும்.

திட்டக் காலத்தின் கடைசி நாட்களை நம்பாதீர்கள். அதற்கப்பால் உலகம் இல்லை என்று மாதிரி நினைப்பதால் விமானங்களைத் தொலைதூரத்தில் விட்டுவிடும். தேவைக்கு மேல் ஐந்தாறு நாள் சேர்த்து ஓட்டி அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

9. விடையை மூன்று பேரிடம் காட்டுங்கள்

லோட்மாஸ்டர் (விமானத்தில் சுமை ஏற்றுவதைப் பார்த்துக்கொள்பவர்), தளத்தின் தரைப்பணிப் பொறுப்பாளர், விமானிக் குழு அட்டவணை போடுபவர். மூவருக்கும் சமன்பாடு வேண்டாம். நாள், தளம், விமானம், என்ன சுமை என்ற ஒரு பக்க அட்டவணை போதும். லோட்மாஸ்டர் பார்த்தவுடன் "இந்த இரண்டும் ஒரே விமானத்தில் போகாது" என்பார், பெரும்பாலும் ஆட்களும் அபாயச் சரக்கும் சேர்ந்த வரியாக இருக்கும். அதைக் கட்டுப்பாடாகச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

பிறகு திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரை நேரத்தையும் பறக்கும் நேரத்தையும் தற்செயலாகக் கூட்டிக் குறைத்து நூறு இருநூறு முறை உருவகப்படுத்துங்கள். கெடு அடிக்கடி தவறும் வரிகள் தெரியும். அவற்றுக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகக் கெடு வையுங்கள், எல்லாவற்றுக்கும் அல்ல.

நடை எண்ணிக்கைகளை நிலைநிறுத்தி நேரியல் கணக்காக மறுபடி ஓட்டினால் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் நிழல் விலை கிடைக்கும். ஆனால் நடை நகர முடியாத நிலையில் தள வேலைத் திறனுக்கு அந்த விலை எதையும் சொல்லாது. லோடரை எந்தத் தளத்துக்கு அனுப்பலாம் என்று கேட்டால், ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்றைக் கூட்டி முழு மாதிரியையும் ஓட்டி, தண்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பத்துத் தளம் என்றால் பத்து ஓட்டம், அவ்வளவுதான்.

10. மறுதிட்டத்துக்கு இப்போதே வழி வையுங்கள்

திட்டம் வெளியான மறுநாளே ஒரு விமானம் பழுதாகும், ஒரு தளம் மூடும். முழுவதையும் புதிதாக ஓட்டினால் சால்வர் ஒரு சதவீத லாபத்துக்காக நானூறு வரியையும் கலைத்துப் போடும். பேலட் கட்டி முடித்தவர்கள் மறுபடி பிரிக்க மாட்டார்கள். ஆகவே முதல் 48 மணி நேரத்தைப் பூட்டுங்கள், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் சின்னத் தண்டம் வையுங்கள். பழைய விடையைத் தொடக்கத் தீர்வாகக் கொடுத்தால் சால்வர் விரைவாகவும் முடிக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உள்ளீட்டுக் கோப்பு, சால்வர் பதிப்பு, இடைவெளி வரம்பு, யுடிசி நேரம் நான்கையும் ஒரே அடைவில் போட்டு வையுங்கள். "செவ்வாய்க்கிழமைத் திட்டத்தில் அந்த நடை ஏன் இருந்தது, புதன்கிழமை ஏன் இல்லை?" என்று கட்டாயம் கேட்பார்கள்.